பொக்லைன்: ஆயில் பிரஷர், பூஸ்ட், ரெயில் பிரஷர் மூன்று எரர் கோடும் ஒன்றாக வருகிறது, சென்சார் மாற்றியும் போகவில்லை

எண்ணூர்வாசி
வணக்கம். 20 டன் செயின் வண்டி, காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்த டீசல் குழாய், அதுதான் ரெயில்), எண்ணூர் பக்கம் கால்வாய் தூர் வாரும் வேலையில் ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒழுங்காக இருக்கும். டிராவல் போட்டு இடம் மாற்றினாலோ கரையில் கொஞ்சம் குலுங்கினாலோ மானிட்டரில் மஞ்சள் விளக்கு வந்து ரேஸ் தானாக இறங்கிவிடும், அப்புறம் அரை பக்கெட் சேறு அள்ளினாலே இன்ஜின் திணறுகிறது. சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் கொஞ்ச நேரம் சரியாகும், மறுபடி அதே கதை.

கோடு 100-4, 102-4, 157-4. வந்த மெக்கானிக் ஆயில் பிரஷர் சென்சாரை மாற்றினார், போகவில்லை. ரெயில் சென்சாரையும் மாற்றினார், அதுவும் பலிக்கவில்லை. இப்போது ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) போயிருக்கும், கழற்றிக் கொடுங்கள் என்கிறார். வண்டி நின்றால் வாடகை நிற்கும், டியூ நிற்காது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ராயபுரம்டீசல்
மாட்டியது ஒரிஜினல் சென்சாரா, பெட்டியில் மட்டும் பெயர் இருக்கிற சென்சாரா? ரெயில் சென்சாரில் டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது. உருவம் ஒன்றாக இருக்கும், திரெட் ஒன்றாக இருக்கும், உள்ளே அளவு வேறாக இருக்கும்.

இன்னொன்று, ரெயில் லைனில் கை வைக்கிறவர்கள் இன்ஜின் ஓடும்போது நட்டைத் தளர்த்திப் பார்க்கிற பழைய டீசல் பழக்கத்தை விட்டுவிடுங்கள். லோடில் 1600 பார் வரை போகிற இன்ஜின்கள் உண்டு, அந்தப் பீச்சல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். கையுறை எல்லாம் அதற்குக் கணக்கே இல்லை.

மாதவரம் வயர்மேன்
தம்பி, கோடைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கே பாதி நன்றி. முக்கால்வாசிப் பேர் "செக் இன்ஜின் வருது அண்ணே" என்று போட்டோ மட்டும் போடுவார்கள்.

முதல் எண் எந்த சர்க்யூட் என்று சொல்லும். 100 ஆயில் பிரஷர், 102 பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), 157 ரெயில் பிரஷர், 110 தண்ணீர் சூடு. நடுவில் இருக்கும் '-' குறிக்குப் பின்னால் வரும் எண்தான் என்ன கோளாறு என்று சொல்வது. 3 என்றால் சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டியதற்கு மேலே, 4 என்றால் கீழே, 2 என்றால் தாறுமாறு. 0, 1 இரண்டும் வேறு ஜாதி. அங்கே வயரிங் நன்றாக இருக்கிறது, அளவே நிஜமாக ஏறியிருக்கிறது அல்லது இறங்கியிருக்கிறது என்று ஈசியூ நினைக்கிறது. 100-1 வந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும், 100-4 வந்தால் முதலில் மீட்டரை எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

உங்களுக்கு மூன்றும் 4. மூன்று சென்சாரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நிமிஷத்தில் சாகாது. மூன்றுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று கீழே விழுகிறது. இரண்டு கேள்வி. கோளாறு வரும்போது தண்ணீர் சூடு முள் சரியாகக் காட்டுகிறதா? வேறு ஏதாவது கோடு வந்து, எழுதாமல் விட்டீர்களா?

அத்திப்பட்டு ஆபரேட்டர்
அண்ணே, நான் ஓட்டுகிறவன், வயர் தெரியாது. ஆனால் லோடில் இழுக்கவில்லை, பூம் மெதுவாக ஏறுகிறது என்றால் ஹைட்ராலிக் பம்பாகவும் இருக்கலாமே? எங்கள் சைட்டில் ஒரு வண்டி இப்படித்தான், கடைசியில் மெயின் பம்பைப் பிரித்தார்கள்.

ராயபுரம்டீசல்
பிரித்தார்கள் சரி, பம்பில் ஏதாவது கிடைத்ததா?

இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இன்ஜின் பவரை ஈசியூ குறைத்தால் லோடில் ஆர்பிஎம் விழும். பம்ப் கன்ட்ரோலர் அதைப் பார்த்து, இன்ஜின் நின்றுவிடக் கூடாது என்று பம்பின் சாய்வை, அதாவது அது தள்ளும் ஆயில் அளவை, தானே குறைக்கும். அதனால் பூம் மெதுவாகும். பம்ப் நன்றாகவே இருக்கும், பழி அதன் மேல் விழும். பக்கெட்டை முழுக்க மடக்கி, ரிலீஃப் வால்வு திறக்கும் வரை பிடித்துக்கொண்டு ஆர்பிஎம் பாருங்கள். ஆர்பிஎம் நிற்கிறது, வேலை மட்டும் மெதுவாக இருக்கிறது என்றால் ஹைட்ராலிக் பக்கம் போங்கள். ஆர்பிஎம் சரிந்து போகிறது என்றால் இன்ஜின் பக்கத்தை முதலில் முடியுங்கள்.

எண்ணூர்வாசி
வயர்மேன் அண்ணே, சூடு முள் நார்மல்தான், எப்போதும் போல நிற்கிறது. இன்னொரு கோடு வந்தது, 3509-4. மெக்கானிக் "அதுதான் ஈசியூ கோடு" என்றார், அதனால் சென்சார் பட்டியலில் சேர்க்கவில்லை.

போன வாரம் பக்கெட் பல் வெல்டிங் சைட்டிலேயே நடந்தது. மாஸ்டர் சுவிட்சை ஆஃப் பண்ணினார்களா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

ராயபுரம்டீசல்
வெல்டிங்கா? அப்படியானால் ஈசியூதான். முடிந்தது.

மாதவரம் வயர்மேன்
முடியவில்லை, பொறுங்கள். 3509 என்பது ஈசியூ தன் உள்ளேயிருந்து சென்சார்களுக்கு அனுப்பும் 5 வோல்ட் சப்ளை. சில கம்பெனி வண்டிகளில் இதே விஷயம் 620 என்று வரும். 3509-4 என்றால் அந்த 5 வோல்ட் கீழே இழுக்கப்படுகிறது. ஈசியூ தன்னைப் பற்றிச் சொல்லவில்லை, தன் வீட்டு வாசலுக்கு வெளியே யாரோ கரன்ட்டைத் திருடுகிறார்கள் என்று சொல்கிறது.

சூடு முள்ளை ஏன் கேட்டேன் என்றால், பிரஷர் சென்சார்கள் மூன்று வயர்: 5 வோல்ட், சிக்னல், ஈசியூவுக்குத் திரும்பும் ரிட்டர்ன். தண்ணீர் சூடு சென்சார் இரண்டே வயர், அது அந்த 5 வோல்ட் சப்ளை லைனைத் தொடுவதே இல்லை. மூன்று வயர் கோஷ்டி மொத்தமும் விழுந்து, இரண்டு வயர் சென்சார் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. ரிட்டர்ன் பொதுவாக அறுந்திருந்தால் கதை தலைகீழாக இருக்கும், எல்லாம் 3 என்று வரும், சூடு மைனஸ் 40 பக்கம் போய்விடும். உங்களுக்கு அப்படி இல்லை. ஆகவே 5 வோல்ட் லைன் எங்கோ ஷார்ட்.

வெல்டிங் விஷயம்: ஈசியூ சாகலாம், மறுக்கவில்லை. மாஸ்டரை ஆஃப் பண்ணி, ஈசியூவில் வயர் சேரும் கப்ளரைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டித்தான் செய்ய வேண்டும். ஆனால் வெல்டிங்கில் செத்த ஈசியூ, காலையில் உயிரோடு எழுந்து, டிராவல் போட்டதும் சாகாது. உங்களுக்குக் குலுங்கினால் வருகிறது. குலுங்குவது வயர்.

கொருக்குப்பேட்டை பையன்
சார், நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். கேன் லைனில் (ஈசியூவும் மானிட்டரும் பேசிக்கொள்ளும் வயரில்) 60 ஓம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டாமா? படிக்கும்போது அதைத்தான் முதலில் சொன்னார்கள்.

மாதவரம் வயர்மேன்
நல்ல கேள்வி, தம்பி, ஆனால் இடம் வேறு. ஜே1939 என்கிற அந்தக் கேன் லைனில் இரண்டு முனையிலும் 120 ஓம் இருக்கும், பேட்டரி ஆஃபில் ஹை, லோ வயர் இரண்டுக்கும் நடுவே 60 காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. அது "கம்யூனிகேஷன் எரர்" வரும்போது பார்ப்பது. இங்கே இன்ஜின் கோடு மானிட்டருக்கு வந்து சேர்கிறதே, லைன் பேசுகிறது என்றுதானே அர்த்தம்.

எண்ணூர் தம்பி, உங்களுக்கு வேலை சொல்கிறேன். நல்ல மல்டிமீட்டர் ஒன்று வேண்டும், ரிச்சி தெருவில் கிடைக்கும், டெஸ்ட் லாம்பை மட்டும் சென்சார் வயர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சாவி ஆஃபில் ஆயில் பிரஷர் கப்ளரைக் கழற்றுங்கள். சாவி ஆன், இன்ஜின் ஓடக் கூடாது. கப்ளரில் சப்ளை பின்னுக்கும் ரிட்டர்ன் பின்னுக்கும் நடுவே எவ்வளவு வருகிறது? 5க்குக் கால் வோல்ட் இப்படி அப்படி இருக்கலாம். மீட்டர் முனையைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள், பின் வாய் விரிந்துவிட்டால் நாளைக்கு அதுவே புதுக் கோளாறு. வயர் மேலே ஊசியால் குத்தவும் வேண்டாம். எண்ணூர்க் காற்றில் அந்தத் துளை வழியாக உப்பு இறங்கும்.

எண்ணூர்வாசி
பார்த்தோம். 5.01 வருகிறது. சரியாகத்தானே இருக்கிறது? அப்போ ஈசியூதானா?

அத்திப்பட்டு ஆபரேட்டர்
பதறாதீங்க பாஸ். குலுங்கினால்தானே வரும் என்று நீங்களே சொன்னீர்கள், நின்ற வண்டியில் பார்த்தால் எப்படி வரும்.

மாதவரம் வயர்மேன்
ஆபரேட்டர் தம்பி சொன்னதுதான். வயர் தெரியாது என்றவர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார்.

மீட்டரை அப்படியே மாட்டி வையுங்கள். மின்-மேக்ஸ் பட்டன் இருந்தால் அதைப் போடுங்கள், கண் தப்பினாலும் மீட்டர் பிடித்து வைக்கும். ஹெல்பரை விட்டு ஹார்னஸை (வயர் கட்டை) ஒரு முனையிலிருந்து கையால் அசைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். கப்ளர் ஒவ்வொன்றையும் இலேசாக ஆட்டச் சொல்லுங்கள், இழுக்கக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்கட்டும், டர்போ பக்கம் கை சுட்டுக்கொள்ளப் போகிறார்.

வோல்டேஜ் விழும்போது அப்படியே நிறுத்தி, மற்ற மூன்று-வயர் சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்பி வருகிறதோ அந்தச் சென்சார்தான் உள்ளே ஷார்ட். எல்லாம் கழற்றியும் வரவில்லை என்றால் வயர். எந்தெந்தச் சென்சார் ஒரே சப்ளையில் இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலதில் ரெயில் சென்சாருக்குத் தனி சப்ளை. டயகிராம் கிடைத்தால் பாருங்கள்.

எண்ணூர்வாசி
விழுந்தது அண்ணே! இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், டீசல் ஃபில்டர் பிராக்கெட் பக்கம் அசைத்ததும் 5லிருந்து 0.8. கை விட்டால் திரும்பி வருகிறது. பூஸ்ட், ரெயில் இரண்டையும் கழற்றிவிட்டோம், அப்படியும் 0.8தான்.

மாதவரம் வயர்மேன்
அப்போ சென்சார் எல்லாம் நிரபராதி. பேட்டரி ஆஃப், இன்ஜின் பக்கத்து ஈசியூ கப்ளரைக் கழற்றி, 5 வோல்ட் வயருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே ஓம் பாருங்கள். சென்சார்கள் கழன்றிருக்கும்போது அங்கே இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். சில ஓம் காட்டினால் வயர் உடம்பைத் தொடுகிறது. அந்த பிராக்கெட் பக்கம் சுருள் பைப்பைப் பிரித்துப் பாருங்கள், டேப்பை உரிக்காமல் "வெளியே நன்றாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள்.

எண்ணூர்வாசி
கிடைத்துவிட்டது. ஹார்னஸைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்பில் ரப்பர் இல்லை, நைந்து போய்விட்டதா யாராவது கழற்றி எறிந்தார்களா தெரியாது. கிளிப்பின் ஓரம் பைப்பை அறுத்து, பைப்புக்குள் மூன்று வயரைத் தோலுரித்திருக்கிறது. ஒரு வயரில் செம்பு வெளியே தெரிகிறது, மேலே பச்சையாகக் களிம்பு பூத்திருக்கிறது. பைப்புக்குள் சாம்பல் மாதிரி சாம்பல் நிறப் பொடி வேறு. இரண்டு விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கிறது.

ராயபுரம்டீசல்
சாம்பல் மாதிரி என்ன, சாம்பலேதான். அனல்மின் நிலையம் பக்கம் ஓடும் வண்டி எதைப் பிரித்தாலும் அந்தப் பொடி இருக்கும். கடல் ஈரமும் அதுவும் சேர்ந்தால் மின்சாரம் ஊர்ந்து போக வழி கிடைத்துவிடும். சரி, ஈசியூ என்று சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், வயர்மேன் அண்ணன் ஜெயித்தார்.

அந்தப் பக்கம் வண்டியைக் கழுவும்போது பிரஷர் வாஷரை இன்ஜின் அறைக்குள் நேராக அடிக்கிற பழக்கமும் உண்டு. கப்ளரின் ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. காற்று அடித்தால் போதும், இல்லை ஈரத் துணி.

எண்ணூர்வாசி
எப்படிச் சரி பண்ணுவது? ஹெல்பர் முறுக்கி டேப் சுற்றிவிடலாம் என்கிறான்.

மாதவரம் வயர்மேன்
முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்கு இதே கோளாறைத் தேடி மறுபடி வருவீர்கள். களிம்பு இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி நிறுத்திவிடாதீர்கள். வயருக்குள் உப்பு ஊறி மேலே ஏறியிருக்கும், தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, உள்ளே செம்பு கறுப்பில்லாமல் பளிச்சென்று தெரிகிற இடம் வரை வெட்டுங்கள். அதே கனத்தில் புது வயரை நடுவே விட்டு, கிரிம்ப் ஸ்லீவ் போட்டு அழுத்தி, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் டியூப்பை மேலே விட்டுச் சூடுகாட்டுங்கள், ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும். மூன்று வயரையும் ஒரே இடத்தில் ஒட்டாமல் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகி மறுபடி உரசும். ரப்பர் வைத்த புதுக் கிளிப்பைப் போட்டு, ஹார்னஸ் பிராக்கெட்டின் விளிம்பைத் தொடாமல் ஒதுக்கிக் கட்டுங்கள். கப்ளர் ஏதாவது உடைந்திருந்தால் புதுப்பேட்டையில் பழைய ஹார்னஸிலிருந்து வயரோடு வெட்டியது கிடைக்கும், அதே பின் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி ஆயில் பிரஷரை நேரில் ஒரு முறை பாருங்கள். இத்தனை நாள் அந்தச் சென்சார் குருடாக இருந்திருக்கிறது. நிஜமாகவே பிரஷர் விழுந்திருந்தாலும் ஈசியூ உங்களை எச்சரித்திருக்காது.

எண்ணூர்வாசி
முடித்துவிட்டோம். கோடு அழித்துவிட்டு முழுநாள் டிராவலோடு ஓட்டியாயிற்று, ஒன்றும் வரவில்லை. கேஜிலும் ஆயில் பிரஷர் மேனுவலில் சொன்ன அளவுக்கு நிற்கிறது. ஆனால் ரேஸ் ஏறினாலும் பழைய இழுவை இல்லை என்கிறார் ஆபரேட்டர். கொஞ்சம் கறுப்புப் புகையும் இருக்கிறது. பூஸ்ட் சென்சாரை மட்டும் அந்த மெக்கானிக் மாற்றவில்லை, அதை மாற்றிவிடலாமா?

ராயபுரம்டீசல்
ஐயோ, மறுபடியும் மாற்றவா! ஒரு பைசா செலவில்லாமல் பார்க்கலாம். சாவி ஆன், இன்ஜின் ஆஃப், ஸ்கேனரில் பூஸ்ட் என்ன காட்டுகிறது? வெளிக்காற்றையும் சேர்த்து முழு அழுத்தத்தை அளக்கும் சென்சாராக இருந்தால் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் அது காட்ட வேண்டும். நம் ஊர் கடல் மட்டம், 100 கிலோபாஸ்கலுக்குப் பக்கம். இதே வண்டியை ஊட்டியில் நிறுத்தினால் 80க்குக் கீழே காட்டும், அங்கே அதுதான் சரி. இங்கே 130 என்றோ 60 என்றோ வந்தால் சென்சார் பொய் சொல்கிறது.

எண்ணூர்வாசி
101 காட்டுகிறது. லோடில் 130 தாண்டவில்லை.

ராயபுரம்டீசல்
அப்போ சென்சார் உண்மையைச் சொல்கிறது, காற்றுதான் வரவில்லை. இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றையும் பாருங்கள், எண்ணெய்க் கசிவு ஈரமாக இருக்கிற ஜாயின்ட்தான் முதல் சந்தேகம். சோப்புத் தண்ணீர் போட்டுப் பாருங்கள். ஏர் ஃபில்டரையும் தட்டிப் பார்க்காமல் கழற்றிப் பாருங்கள், அந்தச் சாம்பலில் அது எவ்வளவு அடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எண்ணூர்வாசி
இன்டர்கூலர் மேல் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தது, ஹோஸிலும் ஒரு வெடிப்பு. ஹோஸ் மாற்றியாயிற்று, இழுவை வந்துவிட்டது. நன்றி எல்லாருக்கும்.

கழற்றிய இரண்டு பழைய சென்சாரும் கையில் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

மாதவரம் வயர்மேன்
தூக்கிப் போடுவானேன். கப்ளரில் மாட்டி, சென்சார் எதிலும் திருகப்படாமல் வெளியே தொங்கட்டும், அழுத்தம் பூஜ்யம். சாவி ஆனில் சிக்னல் வயரில் அரை வோல்ட் பக்கம் வந்தால் ஆயில் சென்சார் நல்ல சென்சார்தான், துணியில் சுற்றி டூல் பாக்ஸில் வையுங்கள். ரெயில் சென்சாரை மட்டும் ரெயிலிலிருந்து சும்மா கழற்றிக் கழற்றி மாட்டாதீர்கள், சில கம்பெனிகள் கழற்றினாலே புதிதுதான் போட வேண்டும் என்கின்றன. அது போனது போனதுதான், காசைத் திருப்பித் தருவாரா என்று அந்த மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள்.

மீஞ்சூர் மண்வண்டி
இந்த இழையைப் படித்துவிட்டு என் வண்டிக் கோடைத் தேடினேன். 110-3 மட்டும் வருகிறது, தனியாக. முள் குளிரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. சென்சார்தானே?

மாதவரம் வயர்மேன்
தெரியாது, பார்த்தால்தான் தெரியும். சாவி ஆஃபில் கப்ளரைக் கழற்றி, கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டுச் சாவி ஆன் பண்ணுங்கள். கோடு 110-4 ஆக மாறினால் வயரும் ஈசியூவும் நன்றாக இருக்கிறது, சென்சாரை மாற்றுங்கள். மாறாமல் 110-3 ஆகவே நின்றால் வயர் அறுந்திருக்கிறது. இந்த வித்தை இரண்டு வயர் சென்சாருக்கு, பிரஷர் சென்சாரில் 5 வோல்ட்டையும் ரிட்டர்னையும் இப்படி இணைத்துவிடாதீர்கள்.

மீஞ்சூர் மண்வண்டி
110-3 ஆகவே நிற்கிறது.

மாதவரம் வயர்மேன்
வயரை எடுங்கள். சாவி ஆன். சிக்னல் பின்னுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே 5 வருகிறதா? வந்தால் சிக்னல் வயர் முழுசாக இருக்கிறது, ரிட்டர்ன்தான் அறுந்திருக்கிறது.

மீஞ்சூர் மண்வண்டி
5 வருகிறது. ரிட்டர்ன் பின்னைப் பார்த்தால் கப்ளருக்குள் பின்னால் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது, மற்ற பின்னை விடக் குட்டையாகத் தெரிகிறது. பின்பக்கத்திலிருந்து தள்ளியதும் டக்கென்று உட்கார்ந்தது. மாட்டினேன், முள் ஏறிவிட்டது.

மாதவரம் வயர்மேன்
பின்னைப் பூட்டும் நாக்கு உடைந்திருந்தால் மறுபடி வெளியே வந்துவிடும். வயரை மெதுவாக ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.